தமிழ்த் திரைப்பாட்டு ரசனை காலந்தோறும் எப்படி மாறியது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திரைப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வயதுக்கு ஒரு கட்சி உருவாகிவிடும். எழுபது வயதுக்காரர் இலங்கை வானொலியைச் சொல்வார், ஐம்பது வயதுக்காரர் கேசட்டைச் சொல்வார், கல்லூரியில் படிக்கிற பிள்ளை ரீல்ஸைச் சொல்லும். இந்தப் பேச்சுகளில் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை ஓரிடத்தில் எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைச் சொல்லியிருக்கிறேன்.

ரசனை ஏன் மாறுகிறது? மக்களுக்குச் சலித்துவிடுகிறதா?

சலிப்பும் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், பாட்டு நம் காதுக்கு வந்து சேரும் வழி மாறுவது. அடுத்து என்ன பாட்டு ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவர் யார்? ஒரு காலத்தில் வானொலி அறிவிப்பாளர். அப்புறம் டீக்கடைக்காரரும் பஸ் டிரைவரும். அப்புறம் நாமே. இப்போது செல்போனுக்குள் ஓடுகிற, அல்காரிதம் என்கிற ஒரு கணக்கு. அந்த உரிமை கைமாறியபோதெல்லாம் பாட்டும் மாறியிருக்கிறது. கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் வரும்.

பழைய படங்களில் ஐம்பது பாட்டு இருந்ததாமே, உண்மையா?

உண்மை. தமிழின் முதல் பேசும் படமான காளிதாஸ் 1931 அக்டோபர் 31 அன்று வெளியானது. அதற்கடுத்த சில ஆண்டுகளில் வந்த படங்களில் நாற்பது, ஐம்பது பாட்டு என்பது சாதாரணம். காரணம், சினிமாவுக்கு வந்தவர்கள் நாடகக் கம்பெனியிலிருந்து வந்தார்கள். மேடையில் ராஜா வந்தால் பாட்டு, கோபித்தால் பாட்டு, செத்தாலும் பாட்டு. பாடத் தெரிந்தவர்தான் நடிக்க முடியும். படப்பிடிப்பின்போதே பாடிப் பதிவு செய்ய வேண்டும் என்பதால் வாத்தியக்காரர்கள் கேமராவுக்குத் தெரியாத இடத்தில் உட்கார்ந்து வாசித்தார்கள். எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்த ஹரிதாஸ் 1944இல் வெளியாகி, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டதென்றால், ஜனங்கள் அவர் குரலைக் கேட்கவே திரும்பத் திரும்பப் போனார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு இரண்டு விஷயங்கள் நடந்தன. பின்னணிப் பாடல் முறை வந்தது, நடிக்கிறவர் பாட வேண்டியதில்லை என்றாகிவிட்டது. வேலைக்காரி (1949), மந்திரி குமாரி (1950), பராசக்தி (1952) போன்ற படங்கள் வந்தபோது தியேட்டரில் கைதட்டல் பாட்டுக்கு விழுந்ததைவிட வசனத்துக்கு அதிகமாக விழுந்தது. அந்த வசனங்களைத் தனியாக இசைத்தட்டில் போட்டு விற்றார்கள். கல்யாண வீட்டு மைக்செட்டில் பாட்டோடு பாட்டாகக் கதை வசனமும் ஒலித்த காலம் ரொம்ப நாள் நீடித்தது. வசனம் எடுத்துக்கொண்ட இடத்தில் பாட்டு சுருங்கியது. ஐம்பது பத்தானது, பத்து ஐந்தாறானது.

ஒரு பாட்டு ஏன் மூன்று, நான்கு நிமிடத்துக்குள் முடிகிறது?

அந்த அளவை முதலில் வகுத்தது இசைத்தட்டு. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பத்து அங்குல அரக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்றரை நிமிடம்தான் பதிய முடியும். ராகம் பாடி, நிரவல் செய்து, அரை மணி நேரம் இழுத்துப் பழகிய வித்வான்கள் அந்த மூன்றரை நிமிடத்துக்குள் அடங்கக் கற்றுக்கொண்டார்கள். நீளமான பாட்டென்றால் முதல் பாகம் ஒரு பக்கம், இரண்டாம் பாகம் மறுபக்கம். படத்தில் இருக்கிற ஒரு சரணம் தட்டில் இருக்காது என்பதும் உண்டு. தட்டு போய்ப் பல காலம் ஆன பிறகும் பல்லவி, இரண்டு சரணம் என்ற அந்த அளவு நம் காதில் தங்கிவிட்டது.

பாட்டுப் புத்தகம் என்று பெரியவர்கள் சொல்வது என்ன?

தியேட்டர் வாசலில் விற்ற மெல்லிய சிறு புத்தகம். மலிவான தாளில் படத்தின் பாட்டு வரிகள், நடிகர் பட்டியல், கொஞ்சம் கதை. கதை சூடுபிடிக்கிற இடத்தில் நிறுத்திவிட்டு 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று போட்டிருப்பார்கள். பாட்டைச் சொந்தமாக வைத்துக்கொள்ளப் பெரும்பாலான வீடுகளுக்கு இருந்த ஒரே வழி இந்தச் சில காசுப் புத்தகம்தான். அதனால்தான் அந்தத் தலைமுறைக்கு மூன்றாவது சரணம் வரை மனப்பாடம்.

இலங்கை வானொலி என்றால் ஏன் இவ்வளவு நெகிழ்கிறார்கள்?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

கொழும்பில் வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பரில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நேச நாட்டுப் படைகள் அங்கே நிறுவிய வலிமையான ஒலிபரப்புக் கருவி, போர் முடிந்த பிறகு ரேடியோ சிலோன் என்கிற இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. சுற்றுவட்டார நாடுகளுக்கெல்லாம் கேட்கிற அளவுக்குச் சக்தி அதில் இருந்தது.

இந்தப் பக்கம் என்ன நடந்தது? 1952இல் பி. வி. கேஸ்கர் இந்தியாவின் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரானார். திரைப்பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் எண்ணம். ஆல் இந்தியா ரேடியோவில் சாஸ்திரிய இசைக்கு நேரம் கூடியது, சினிமாப் பாட்டு ஏறக்குறைய மறைந்தது. மக்கள் ரேடியோவை அணைத்துவிடவில்லை, குமிழைத் திருகினார்கள். முள் கொழும்பில் போய் நின்றது. இந்திக்காரர்களுக்கும் அதே கதைதான், 1952இல் ஆரம்பித்த இந்திப் பாட்டு நிகழ்ச்சியான பினாகா கீத்மாலாவும் ரேடியோ சிலோனில்தான் ஒலித்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1957 அக்டோபர் 3 அன்று, ஆல் இந்தியா ரேடியோ சினிமாப் பாட்டு போடுகிற விவித் பாரதியைத் தொடங்கியது. மேலேயிருந்து ரசனையைத் திருத்தப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

விவித் பாரதி வந்த பிறகும் கொழும்பின் மவுசு குறையவில்லை. அங்கே அறிவிப்பாளர்கள் இருந்தார்கள். எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் என்று பெயரைச் சொன்னாலே தென் மாவட்டங்களில் முகம் மலரும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பாட்டு கேட்டுக் கடிதம் போட்டால், போட்டவர் பெயரும் ஊரும் காற்றில் வரும். பக்கத்து ஊர்ப் பெயர் கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்து காதில் விழுவது எவ்வளவு பெரிய விஷயம்! ரேடியோ வைத்திருக்கத் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்ட வேண்டியிருந்த காலம் அது. ஒரு வீட்டு ரேடியோவுக்கு முற்றத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். கூட்டமாகக் கேட்டதால்தான் அந்தப் பாட்டுகள் ஊருக்கே பொதுவான நினைவாயின. அப்துல் ஹமீது நடத்திய பாட்டுக்குப் பாட்டு நிகழ்ச்சியை வீடுகளில் இன்றும் விளையாட்டாக ஆடுகிறோமே, அதுவும் அங்கிருந்து வந்ததுதான்.

1970களில் தமிழ்நாட்டுத் தெருக்களில் இந்திப் பாட்டு ஒலித்தது உண்மையா?

ஆமாம். 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கொதித்த மண்ணில், ஐந்தே ஆண்டுகளில் ஆராதனா (1969) பாட்டுகளை அர்த்தம் தெரியாமலே பாடிக்கொண்டு திரிந்தார்கள். அடுத்து பாபி (1973) வந்தது. இதில் முரண்பாடு இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். திணிக்கப்பட்ட மொழியை எதிர்த்தார்கள், தேடி வந்த மெட்டை ஏற்றுக்கொண்டார்கள். இரண்டும் வேறு வேறு.

அந்தப் பாட்டுகளில் கிடாரும் துள்ளலும் புதிதாக இருந்தன. அந்த நேரத்துக்குத் தமிழ்ப் பாட்டில் கொஞ்சம் தேக்கம் தெரிந்தது. 1976இல் அன்னக்கிளி வந்தது. நாற்று நடும் வயற்காட்டு மெட்டையும் மேற்கத்திய வயலின் வரிசைகளையும் இளையராஜா ஒன்றாக வைத்தபோது டீக்கடை பெஞ்சு மறுபடி தமிழுக்குத் திரும்பியது.

கேசட் அப்படி என்னத்தை மாற்றிவிட்டது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நான் வளர்ந்தது கேசட்டோடு.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் கேசட்டை அறிமுகம் செய்தது. நம் ஊரில் அது பரவலானது 1970களின் கடைசியில். துபாய்க்கும் சவுதிக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனவர்கள் விடுமுறைக்கு வரும்போது ரேடியோவும் டேப்பும் சேர்ந்த 'டூ இன் ஒன்' கொண்டுவந்தார்கள். அந்தப் பெட்டி வந்த வீட்டைச் சுற்றி அன்று மாலை தெருவே நிற்கும்.

இசைத்தட்டைக் கேட்கத்தான் முடியும். கேசட்டில் நாமே பதியலாம். இந்த ஒரு வேறுபாடுதான் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. ஒவ்வொரு சிறு நகரத்திலும் 'ரெக்கார்டிங் சென்டர்' முளைத்தது. ஒரு தாளில் வேண்டிய பாட்டுகளை வரிசையாக எழுதி, கூடவே ஒரு காலிக் கேசட்டையும் கொடுத்துவிட்டு வர வேண்டும். டிடிகே, சோனி, கொஞ்சம் மலிவாக மெல்ட்ராக். நான்கு நாள் கழித்துப் போனால் அட்டையில் கடைக்காரரின் அழகான கையெழுத்தில் பட்டியல் இருக்கும். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறேழு பாட்டு. ஏழாவது பாட்டு பாதியில் அறுந்துபோகும். இன்றும் சில பாட்டுகளை வேறெங்காவது கேட்கும்போது அந்த இடம் வந்ததும் என் காது நின்றுவிடுகிறது, அதற்கு மேலும் பாட்டு இருக்கிறது என்பதை மனம் நம்ப மறுக்கிறது.

அந்தத் தாளை எழுத நாங்கள் எடுத்துக்கொண்ட நேரத்தை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கடினம். பன்னிரண்டு இடம்தான் இருக்கிறது, எதை விடுவது? காதலைச் சொல்ல வேண்டியவர்கள் வரிசையிலேயே சொன்னார்கள். முதல் பாட்டு என்ன, கடைசிப் பாட்டு என்ன என்பதில் ஒரு கடிதமே இருந்தது. கம்பெனிக் கேசட்டில் அழித்துப் பதிய முடியாதபடி மேலே ஒரு சிறு தகட்டை எடுத்திருப்பார்கள். அந்த ஓட்டையில் காகிதத்தைத் திணித்தால் பதியலாம். நாடா சிக்கினால் பென்சில். சின்னப் பையன்களுக்கெல்லாம் இந்த வித்தைகள் அத்துப்படி.

கேசட் இன்னொன்றும் செய்தது. இசைத்தட்டு அச்சிடப் பெரிய தொழிற்சாலை வேண்டும், கேசட்டைச் சிறிய கடையிலேயே பிரதி எடுக்கலாம். அதனால் சினிமாவுக்கு வெளியே இருந்த குரல்களுக்கும் வழி பிறந்தது. ஆடி மாதத்து அம்மன் பாட்டு, கார்த்திகையில் ஐயப்பன் பாட்டு, கிராமத்துத் தெம்மாங்கு, பட்டிமன்றம், அரசியல் மேடைப் பேச்சு எல்லாமே கேசட்டாயின. அனுமதி இல்லாமல் பிரதி எடுத்தவர்களால் இசைக் கம்பெனிகள் பட்ட நஷ்டமும் பெரிது. ஆனாலும் பாட்டை ஏழை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்த பெருமையைக் கேசட்டிடமிருந்து பறிக்க முடியாது.

கானா எப்படி எல்லார் வீட்டுக்கும் வந்தது?

வட சென்னையின் உழைக்கும் மக்கள் சாவு வீட்டில் இரவெல்லாம் விழித்திருந்து பாடிய பாட்டு கானா. இறந்தவரின் வாழ்க்கையைச் சொல்லும், சிரிக்க வைக்கும், அழ வைக்கும். 1990களில் தேவா அதன் தாளத்தைத் திரைக்குக் கொண்டுவந்தார். திரைக்கு வரும்போது துக்கம் கழன்று போய்க் குத்தாட்டம் மட்டும் மிஞ்சியது என்பது என் வருத்தம். 2012இல் அட்டகத்தி படத்தில் கானா பாலா தன் குரலிலேயே பாடியபோது அந்தத் துக்கம் கொஞ்சம் திரும்பி வந்தது. 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு, கானாவை அதைப் பாடியவர்களின் அரசியலோடு சேர்த்தே பாடியது. விளிம்பிலிருந்து நடுக்கூடத்துக்கு வருகிற எந்தக் கலையும் வழியில் எதையாவது இழக்கிறது. இழந்ததைத் திரும்பக் கேட்டு வாங்க ஒரு தலைமுறை ஆகிறது.

சிடியும் எம்பி3யும்?

குறுகிய காலம்தான் ஆண்டன. ஒரு எம்பி3 சிடியில் நூற்றைம்பது பாட்டு அடங்கியது. பன்னிரண்டு பாட்டுக்கு இடம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பழக்கம் அன்றோடு முடிந்தது. சிடியில் இருந்த பாதிப் பாட்டை யாரும் கேட்டதே இல்லை.

டிவி என்ன செய்தது?

பாட்டைப் பார்க்கிற பொருளாக்கியது. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்டில் தொடங்கியது. வெள்ளிக்கிழமை மாலை 'ஒலியும் ஒளியும்' போடும் நேரத்தில் தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது. 1993இல் சன் டிவி வந்த பிறகு பாட்டுக்காக ஒரு வாரம் காத்திருக்க வேண்டிய அவசியம் போனது. நடன அசைவும் வெளிநாட்டு லொகேஷனும் பாட்டின் பாதி உயிராயின.

இப்போது ஒரு பாட்டு எப்படி ஹிட் ஆகிறது?

2011 நவம்பரில் 'ஒய் திஸ் கொலவெறி டி' யூடியூபில் வந்தது. அந்தப் பாட்டு இடம்பெற்ற '3' படம் வெளியானது 2012 மார்ச் 30 அன்று. படம் வருவதற்கு நான்கு மாதம் முன்பே பாட்டு உலகம் சுற்றிவிட்டது. ஸ்டுடியோவில் சும்மா நின்று பாடுகிற காட்சிதான் அது. டிவி வேண்டியிருக்கவில்லை, வானொலி வேண்டியிருக்கவில்லை.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்ததும் கிராமத்து வரப்பிலும் வீடியோ ஓடியது. அடுத்தது டிக்டாக். 2020 ஜூனில் இந்தியா அதைத் தடை செய்தது, சில நாட்களிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. இப்போது ஒரு பாட்டிலிருந்து கால் நிமிடம், அரை நிமிடம்தான் ஊரைச் சுற்றுகிறது. அந்தத் துண்டில் கை ஆட்ட ஒரு இடம், வாயசைக்க ஒரு வரி இருந்தால் போதும். இசைத்தட்டு மூன்றரை நிமிடத்தை வகுத்தது போலவே ரீல்ஸ் இந்தத் துண்டை வகுத்திருக்கிறது. பாட்டின் முன்னிசை குறுகிக்கொண்டே வருவதைக் கவனித்தால் தெரியும். இளையராஜா பாட்டில் முப்பது நொடி வயலின் வந்த பிறகு குரல் நுழையும். இன்று அந்த முப்பது நொடிக்குள் கேட்கிறவர் அடுத்த பாட்டுக்கு நகர்ந்திருப்பார்.

அப்படியானால் முப்பது வருடப் பழைய பாட்டு ஏன் திடீரென்று எங்கும் கேட்கிறது?

பையனாக இருந்தபோது கேசட்டில் கேட்டவர்கள் இன்று படம் எடுக்கிறார்கள். லோகேஷ் கனகராஜ் பிறந்தது 1986. அவருடைய விக்ரம் (2022) படத்தில் சண்டைக்கு நடுவே ஒலிக்கிற 'சக்கு சக்கு வத்திக்குச்சி' 1995இல் வந்த அசுரன் படத்துப் பாட்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள், அவருக்கு அப்போது ஒன்பது வயது. அந்தப் பாட்டின் பெயர் தெரியாமலே வளர்ந்த இன்றைய இளைஞர்கள் அதைப் புதுப்பாட்டு மாதிரி கொண்டாடினார்கள். லப்பர் பந்து (2024) படம், பொன்மனச் செல்வன் (1989) பாட்டு ஒன்றைத் தூசி தட்டி எடுத்து, கிரிக்கெட் மைதானத்துக்கெல்லாம் கொண்டுபோனது.

எல்லாவற்றிலும் என்னை அசைத்தது மஞ்சும்மல் பாய்ஸ். 2024 பிப்ரவரியில் வந்த மலையாளப் படம். குணா (1991) படத்துப் பாட்டு அதன் முக்கியமான இடத்தில் வருகிறது. காதலுக்கு எழுதிய பாட்டு, குழிக்குள் விழுந்த நண்பனை மீட்கிற பாட்டாக மாறிவிட்டது. தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் ஜனங்கள் எழுந்து நின்று கத்தினார்கள். வரி மாறவில்லை, குரல் மாறவில்லை, ஆனாலும் வேறு பாட்டாகக் கேட்டது.

பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் நடந்தவைதான் மனதில் அழுத்தமாகப் பதிகின்றன என்று உளவியலில் சொல்வார்கள். அந்த வயதில் கேட்டதை மனிதர்கள் நாற்பதில் தேடுகிறார்கள். நாற்பது வயதுக்காரரிடம்தான் டிக்கெட் வாங்கக் காசும் இருக்கிறது, படம் எடுக்க அதிகாரமும் இருக்கிறது. இந்தச் சக்கரம் நிற்காது. 2040களில் யாராவது ஒரு இயக்குநர் இன்றைய ரீல்ஸ் பாட்டு ஒன்றை எடுத்து வைப்பார், தியேட்டரில் ஒரு வரிசை அழும்.

அந்தக் காலப் பாட்டுதான் உண்மையில் நல்ல பாட்டா?

இல்லை. அந்தக் காலத்திலும் மோசமான பாட்டு ஏராளமாக வந்தது. அவற்றை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை, அவ்வளவுதான். நல்லது மட்டும் சல்லடையில் நின்றிருக்கிறது. இன்றைய பாட்டை நாம் சலிக்காமல் மொத்தமாகக் கேட்கிறோம். சலித்த அரிசியையும் சலிக்காத அரிசியையும் எப்படி ஒப்பிடுவது?

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பாட்டு வரி காதில் விழும்படி குரலை முன்னால் வைத்துப் பதிவு செய்கிற வழக்கம் குறைந்திருக்கிறது. வரிகள் கேட்காவிட்டால் மனப்பாடம் ஆகாது, மனப்பாடம் ஆகாத பாட்டைக் குளிக்கும்போது பாட முடியாது.

வீட்டில் பழைய கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. என்ன செய்யலாம்?

தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். கம்பெனிக் கேசட்டில் இருக்கிற பாட்டு இணையத்தில் கிடைத்துவிடும். கையால் எழுதிய அட்டை இருக்கிறதே, அதை முதலில் எடுத்து வையுங்கள். காலிக் கேசட்டில் அப்பா பதிந்த தங்கையின் மழலை, தாத்தாவின் பேச்சு, வளைகுடாவிலிருந்து சித்தப்பா கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பியது, இவையெல்லாம் உலகத்தில் அந்த ஒரு பிரதிதான்.

வெயிலும் ஈரமும் காந்தமும் படாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் வீட்டு டேப்பில் போட்டுப் பார்க்காதீர்கள், நாடா அறுந்துவிடலாம், டேப்பும் கெடும். நன்றாக இருக்கிற கேசட்டை ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு, டேப்பின் இயர்போன் துளையிலிருந்து ஒரு ஒயர் வழியாகக் கணினிக்குக் கொடுத்து, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் பதியலாம். அறுபது நிமிடக் கேசட்டுக்கு அறுபது நிமிடம் ஆகும், வேகமாக ஓட்டிப் பதிய வழியில்லை. வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் பதியும்போது பக்கத்தில் உட்கார வையுங்கள். பின்னால் கேட்கிற குரல் யாருடையது, அன்று வீட்டில் என்ன விசேஷம் என்று அவர்கள்தான் சொல்ல முடியும். சொல்லச் சொல்ல அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.